அகருவா, நொபொருவா? ஜப்பானிய மொழியில் மாட்டிக்கொண்ட இடங்களைப் பகிருங்கள்

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று வீட்டுக்காரம்மா "மோ அகத்தா?" என்கிறார். 'அகத்தா' என்பது 'அகரு'வின் இறந்தகாலம். 'அகரு', 'நொபொரு' இரண்டுக்குமே ஏறு என்று படித்துவிட்டு வந்தவர், தொட்டிக்குள் உட்கார்ந்து முழிக்கிறார். "குளிச்சாச்சா?" என்பதுதான் கேள்வி. தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அகரு, நீச்சல்குளத்துக்கும் அதே. மழை விட்டாலும் 'அமெ க அகத்தா'.

பதில்: தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நிற்காது. நொபொரு ஏறும் வழியைப் பார்க்கும். அகரு போய்ச் சேர்ந்த இடத்தை, மாறிய நிலையைப் பார்க்கும். மலை, மரம், உதிக்கும் சூரியன்: நொபொரு. மாடிக்குப் போவது 'நிகாய் நி அகரு'. பட்டம், வாணவேடிக்கை, விலை, சம்பளம், காய்ச்சல் எல்லாம் அகரு. படிக்கட்டுக்கு இரண்டும் பொருந்தும்.

பதில்: விலைக்கு அகரு என்றதும் எண் வந்தாலே அகரு என்று போட்டுவிடாதீர்கள். 'சன்ப்யாகுநின் நி நொபொரு', அதாவது எண்ணிக்கை 300 பேரை எட்டுகிறது என்று செய்தியில் வரும். அங்கே அகரு ஒட்டாது.

பதில்: கியோத்தோ முகவரியை யாருமே சொல்லவில்லையே! மாநகராட்சி அலுவலகத்தின் முகவரி 'தெராமாச்சி தோரி ஒயிகெ அகரு'. மேட்டைத் தேடாதீர்கள். தெராமாச்சித் தெருவும் ஒயிகெத் தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்து வடக்கே போ என்று பொருள். அரண்மனை வடக்கே இருந்ததால் அந்தத் திசை 'மேல்'. தெற்கு என்றால் 'சகரு'. கிழக்கு, மேற்குக்கு 'இரு'. முதலில் வருவது கட்டடம் இருக்கும் தெரு, அடுத்தது குறுக்குத் தெரு. மாற்றிப் படித்தால் வேறு தெருவில் போய் நிற்பீர்கள்.

பதில்: யார் வீட்டுக்காவது போனால் "தோசொ, ஒஅகரி குதசாய்" என்பார்கள். வாசல்நடையை விடக் கூடத்தின் தரை ஒரு படி உயரம், அதனால் அகரு. செருப்பைக் கீழேயே கழற்றுங்கள். கழற்றிய பாதத்தைக் கீழ்த்தரையில் வைக்காமல் நேரே மேலே வையுங்கள். "ஒஜாமா ஷிமாஸ்" என்று சொல்லுங்கள். பிறகு மண்டியிட்டு, வீட்டாருக்கு முழுமுதுகைக் காட்டாமல், செருப்பின் முனையை வாசல் பக்கம் திருப்பி ஓரமாக வையுங்கள்.

பதில்: செருப்பு இருக்கட்டும், இலக்கணத்துக்கு வாருங்கள். விலை ஏறியது 'நெதான் க அகத்தா', விலையை ஏற்றினார்கள் 'நெதான் ஒ அகெதா'. நம் ஏறு–ஏற்று போலவேதான். அப்படியிருந்தும் 'நெதான் ஒ அகத்தா' என்று தவறாக எழுதுகிறார்கள், 'கய்தான் ஒ அகரு' (படிக்கட்டில் ஏறு) என்று படித்த பழக்கத்தில். அந்த 'ஒ' கடந்து போகும் வழியைக் காட்டுவது; படிக்கட்டில் ஏறுவதற்கு வரும், விலை ஏறுவதற்கு வராது.