[உதவி] மின்சாரத்துக்குத் தனித் தீர்ப்பாயம் இருக்கும்போது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எப்படி உள்ளே வந்தது?

பிரிக்ஃபீல்ட்ஸ்_தங்கச்சி
வணக்கம். கோலாலம்பூரில் சட்டம் படிக்கிறேன், கடைசி வருஷம். இந்திய மின்துறைச் சீர்திருத்தத்தில் நீதிமன்றங்களின் பங்கு பற்றி ஓர் அசைன்மென்ட். நான் எழுதினது இதுதான்:

"2003 மின்சாரச் சட்டத்தின் 145ஆம் பிரிவு சிவில் கோர்ட் கதவைச் சாத்திவிட்டது. கட்டணத்தை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு பிடிக்காவிட்டால் 111ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்குமேல் 125ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம். நடுவில் உயர் நீதிமன்றத்துக்கு வேலை இல்லை."

லெக்சரர் கடைசி வரியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "அப்படியானால் மதுரை, 2022?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தேடினால், தமிழ்நாட்டுக் கட்டண உயர்வுக்குத் தடை, அப்புறம் தடை நீங்கியது என்று செய்தி வருகிறது. எந்த அதிகாரத்தில் தடை போட்டார்கள்? வியாழக்கிழமைக்குள் கொடுக்கணும்.

பட்டர்வொர்த்காரன்
எனக்குச் சட்டம் தெரியாதும்மா. கட்டணம் ஏறினா மக்களுக்குத்தானே கஷ்டம், யாராவது பொதுநல வழக்கு போட்டிருப்பாங்க. கோர்ட்டு விலையக் குறைக்கச் சொல்லியிருக்கும்.

கறுப்புக்கோட்டு
அண்ணே, ரெண்டுமே இல்லை. வழக்குப் போட்டது நூற்பாலைக்காரர்கள் சங்கம். விலையைப் பற்றி நீதிமன்றம் வாயே திறக்கவில்லை.

தங்கச்சி, நான் சென்னையில் சில வருஷம் கோட்டுப் போட்டவன், இப்போது கே.எல்.இல் மின் ஒப்பந்தங்களோடு குடித்தனம். உங்கள் வரியில் தப்பு எங்கே என்றால், 145 சாத்தியது சிவில் கோர்ட்டை மட்டும்தான். உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில் இருக்கிறது. சாதாரணச் சட்டம் அதைத் தொட முடியாது. 1997இல் உச்ச நீதிமன்றத்தின் எல். சந்திரகுமார் வழக்கிலேயே இது முடிந்துபோன விஷயம். வழக்கமாக, "மேல்முறையீடு இருக்கிறதே, அங்கே போ" என்று உயர் நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பிவிடும். அது அவர்களாகக் கடைப்பிடிக்கும் அடக்கம். அதிகாரம் இல்லாததால் அல்ல.

மதுரையில் எழுந்த கேள்வியே வேறு. ஆணையத்தில் மூன்று நாற்காலி. 2018 ஏப்ரலில் குஜராத் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தலைவர் நீதிபதியாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, ஆனால் சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கட்டாயம். 2022இல் தமிழ்நாட்டில் அந்த நாற்காலி காலி. அப்படிக் காலியாக இருக்கும்போதே ஆணையம் கட்டண மனுவைக் கையில் எடுத்தது. சட்ட உறுப்பினர் வரும்வரை இறுதி உத்தரவு போடாதே என்றார் ஒற்றை நீதிபதி. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. செப்டம்பர் 10 முதல் புதுக் கட்டணம் வந்துவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_தங்கச்சி
நன்றி அண்ணா! அப்படியென்றால் 93ஆம் பிரிவு எதற்கு? இடம் காலி என்பதற்காக ஆணையத்தின் செயல் செல்லாமல் போகாது என்று இருக்கிறதே.

கறுப்புக்கோட்டு
நல்ல கேள்வி, அங்கேதான் உங்கள் அசைன்மென்டின் உயிர். ஒரு நாற்காலி காலி என்பதும், நீதித் தன்மையுள்ள வேலையைச் சட்டம் தெரிந்தவர் இல்லாமலே செய்வதும் ஒன்றா? 93 முதலாவதை மன்னிக்கிறது. இரண்டாவதையும் மன்னிக்கிறதா என்பதில்தான் ஒற்றை நீதிபதியும் அமர்வும் பிரிந்தார்கள் என்று நான் வாசிக்கிறேன். இன்னொன்று: தமிழ்நாட்டில் 2014க்குப் பிறகு 2022வரை பொதுக் கட்டண உயர்வே இல்லை. எட்டு வருஷம் தூங்கிய கட்டணத்தை ஒரு நாற்காலிக்காக இன்னும் நிறுத்துவதா என்ற தயக்கம் எந்த நீதிபதிக்கும் வரும்.

பி.டி.சி. இந்தியா வழக்கு, 2010, உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு: இதையும் சேருங்கள். 178ஆம் பிரிவில் ஆணையம் போடும் ஒழுங்குமுறை செல்லுமா என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பார்க்க முடியாது, உயர் நீதிமன்றம்தான் பார்க்கலாம். உங்கள் சிவப்பு வட்டத்துக்கு இது ஒன்றே போதும்.

மீட்டர்_மாமா
கறுப்புக்கோட்டு பாதி சொல்லிட்டு நிறுத்திட்டாரு. கோர்ட்டு விலை பேசாதுன்னா 2025 ஆகஸ்ட்டுத் தீர்ப்பு என்ன? டில்லி விநியோகக் கம்பெனிகள் போட்ட வழக்கு. செலவு நியாயம்தான்னு ஒத்துக்கிட்டு, இப்ப வசூலிக்காம ஏட்டுல பாக்கியாத் தள்ளி வைப்பாங்களே, ரெகுலேட்டரி அசெட், அதை 2024 ஏப்ரல்ல இருந்து இத்தனை வருஷத்துல தீர்க்கணும்னு உச்ச நீதிமன்றமே கெடு வச்சிருக்கு. இனி புதுசா வர்றதுக்கு மூணு வருஷம். கண்காணிக்கிற வேலை தீர்ப்பாயத்துக்கு. கெடு வச்சா விலை தானா ஏறும்லா!

கறுப்புக்கோட்டு
மாமா, ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது மதுரைக்கு மட்டும். ஆனாலும் கெடு வைப்பதும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று சொல்வதும் ஒன்றல்ல. தேர்தல் வருஷத்தில் கட்டணத்தைத் தொட அரசியல் தயங்கும். பாக்கி வட்டியோடு வளரும். கடைசியில் நீதிமன்றம் அலாரம் வைக்கிறது. 2011 நவம்பரிலேயே தீர்ப்பாயம் ஆணையங்களிடம், கம்பெனி மனுப்போடாவிட்டால் நீங்களாகவே கட்டணத்தைக் கையில் எடுங்கள் என்று சொன்னது.

பட்டர்வொர்த்காரன்
சரி, நம்ம மலேசியாவுல? 2025 ஜூலையில பில்லோட வடிவமே மாறிடுச்சு. எங்கே போய்க் கேக்கிறது?

மீட்டர்_மாமா
இங்க அந்த மாதிரித் தனித் தீர்ப்பாயம் கிடையாதுங்க. 1990 மின் விநியோகச் சட்டம் 26ஆம் பிரிவு: கட்டணத்துக்கு அமைச்சர் ஒப்புதல். எதிர்க்கணும்னா உயர் நீதிமன்றத்துல நீதித்துறை மறுஆய்வு, கோர்ட் விதிகள் 53ஆம் ஆணை, மூணு மாசத்துக்குள்ள. நம்ம கோர்ட்டுக்கு வர்ற கரண்டு வழக்கு நான் பார்த்தவரைக்கும் 38ஆம் பிரிவுதான்: மீட்டரத் திருத்தினாங்க, பழைய பாக்கி கட்டுன்னு. தங்கச்சி, ஒப்பீட்டுக்கு இத ஒரு பத்தி வைம்மா.

பிரிக்ஃபீல்ட்ஸ்_தங்கச்சி
மாற்றிவிட்டேன்: "145 சிவில் கோர்ட்டை விலக்குகிறது, உயர் நீதிமன்றத்தை விலக்கவில்லை. அது கட்டணத்தை எடைபோடுவதில்லை. எடைபோடுகிறவர் தகுதியானவரா, ஆணையம் போட்ட ஒழுங்குமுறை சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்கிறது. 111இல் 60 நாள், 125இல் 60 நாள்." சரியா?

கறுப்புக்கோட்டு
மற்றதெல்லாம் சரி. 111இல் மட்டும் 45 நாள்.