வேலியோரம் வைக்க இந்த மண்ணுக்கே உரிய மஞ்சள் பூச்செடி எது?

கேள்வி – பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் வாசகி:
வீட்டு வேலியோரம் மணல் மண், நாள் முழுக்க வெயில். சாமந்தி மாதிரி பூத்து, வருடக்கணக்கில் நிற்கிற செடி வேண்டும். வெளிநாட்டுச் செடி வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா, சாலையோரம் தரையோடு படர்ந்திருக்கும் மஞ்சள் பூச்செடியைப் பிடுங்கித் தருகிறேன் என்கிறார். இலை மூன்று மடலாக இருக்கிறது. வைக்கலாமா?

பதில் – தெலுக் பாஹாங் தோட்டக்காரர்:
வேண்டாம்மா. அது வெடிலியா, அமெரிக்க வெப்பமண்டலச் செடி. உலகிலேயே மோசமான 100 அந்நிய ஊடுருவிகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விட்டு, மற்ற செடிகளை மூடிவிடும்.

உங்களுக்கு ஏற்றது, மலாயில் செருனாய் லாவுட் என்கிற செடி. நம் கடற்கரையில் தானாக வளர்வது, உப்புக்காற்றுக்கு அஞ்சாது. இலையைத் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஓரம் பல் பல்லாக இருக்கும், மடல் பிரியாது. அடியிலிருந்து மூன்று நரம்பு எடுப்பாகத் தெரியும். பூ சின்னதுதான், ஆனால் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தேடி வரும்.

பாதி முற்றிய தண்டை ஒரு சாண் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். வேர் பிடிக்கும்வரை நிழல், அப்புறம் முழு வெயில். செப்டம்பர், அக்டோபர் மழைக்குச் சற்று முன்னால் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். உரம் அள்ளிப் போடாதீர்கள், இலைதான் மண்டும். ஆள் உயரத்துக்கு வேலிமேல் சாயும் செடி, அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். தண்டைப் பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் வெட்டாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். செடி வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

பதில் – ஆயர் ஈத்தாம் பாட்டி:
அந்த வெடிலியாவை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துக் கீரையாகச் சமைக்கிறார்கள், எனக்குப் பதறுகிறது. கரிசலாங்கண்ணி இலை ஒடுக்கமாக நீண்டிருக்கும், மூன்று மடல் கிடையாது. சந்தேகம் இருந்தால் வாயில் வைக்காதீர்கள் கண்ணு.

பாயான் லெப்பாஸ் வாசகி:
நன்றி ஐயா, நன்றி பாட்டி. அக்கா நேற்றே ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார். அதை என்ன செய்வது?

தெலுக் பாஹாங் தோட்டக்காரர்:
லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், போட்டுவிடாதீர்கள். துண்டு மிதந்து போய் இன்னோர் இடத்தில் வேர் பிடிக்கும். பையைக் கட்டி, தண்டு முழுக்கக் காய்ந்து கருகும்வரை சிமென்ட் தரையில் வெயிலில் வையுங்கள். பிறகு குப்பையில் போடலாம். அக்காவிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள், அவர் வாசலிலும் அது படர்ந்திருக்கும்.