புதுப்பிப்பு: மாலையில் மங்கும் பார்வை, பரிசோதனைக்குப் பிறகு

நாள் முழுவதும் கணினியில் கணக்கு எழுதும் எனக்கு மாலையானால் எழுத்துகள் மங்கிக் கண் எரிவதைக் கூறி, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் வாங்கச் சொன்னீர்கள். அதற்கு முன் புதுச்சேரி தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் பரிசோதித்துக்கொண்டேன். கண்ணாடியின் பவர் மாறவில்லை, சிக்கல் கண் வறட்சிதான்.

இயல்பாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கும் நாம், திரையை உற்றுநோக்கும்போது அதில் பாதியளவே இமைக்கிறோம், அப்போதும் இமைகள் பல நேரம் முழுமையாக மூடுவதில்லை என்பதால், விழியின் மேலுள்ள கண்ணீர்ப் படலம் ஆங்காங்கே உலர்ந்து பார்வை மங்குகிறது. நன்றாக இமைத்தவுடன் எழுத்து தெளிந்தால் வறட்சியைச் சந்தேகிக்கலாம்.

புதுச்சேரியின் கடற்காற்றில் கண் எப்படி வறளும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், ஆனால் ஏசி அறைக்குள் அந்த ஈரப்பதம் தங்குவதில்லை, என் இருக்கையிலோ ஏசியின் காற்று நேராக முகத்தில் அடித்தது. இடம் மாறி அமர்ந்ததே எனக்குப் பெரும் பலன் தந்தது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வருமாறு தாழ்த்தியதும் உதவியது. பார்வை கீழ்நோக்கும்போது கண் குறைவாகவே திறந்திருக்கும், ஈரமும் மெதுவாகவே உலரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கும் வழக்கமும் தொடர்கிறது, மறக்காத நாள்களில்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கவில்லை. அது கண் களைப்பைக் குறைப்பதற்குத் தக்க சான்று இல்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் கூறுகிறது.