கோணேசரிடம் மத்தியானத்தில் போகாதீர்கள்

அன்பின் உறவுகளுக்கு,

ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிற சிலர், கொழும்பில் இறங்கிய கையோடு திருகோணமலையில் கடலோரப் பாறை மேலிருக்கிற சிவன் கோயிலான திருக்கோணேஸ்வரத்துக்கு ஒரே நாளில் போய்வரலாமா என்று கேட்டிருந்தார்கள். போய்வரலாம். போன வருடம் நாங்கள் அப்படித்தான் போனோம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து விடியப்புறம் வான் பிடித்துக் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகப் போனோம். ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வழியில் சாப்பாடு, பிள்ளைகளுக்குச் சத்தி, ஒரு ரயர் காற்றுப் போனது என்று போய்ச்சேர ஒரு மணியாகிவிட்டது. நடை சாத்தியிருந்தது. வெறுங்காலை வெயில் தரையில் வைக்க முடியாமல் அம்மா சுவரோரம் நின்றபடி கும்பிட்டார். உடைக்காத தேங்காயோடு திரும்பினோம்.

இந்த முறை அம்மாவும் நானும் மட்டும், கொழும்புக் கோட்டை ஸ்டேசனிலிருந்து இரவு ரயில். கல்ஓயாவில் மட்டக்களப்புப் பாதை பிரிகிறது, ஆகவே திருகோணமலைக்குப் போவதுதானா என்று கேட்டு ஏறுங்கள். ஆசனத்தை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

காலை வெயில் ஏறுமுன், கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரட்றிக் கோட்டை வாசலுக்குப் போய்விட்டோம். ஆட்டோக்காரர் மேலே வரை விடுகிறேன் என்றார். அம்மா கேட்கவில்லை, நடந்தோம். நல்லதாய்ப் போயிற்று. வாசல் நிலைக்கல்லில் இணைக்கயலும் (இரட்டை மீன் சின்னம்) சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருப்பதை வானுக்குள் இருந்தால் பார்த்திருக்க மாட்டேன். 1620களில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். சம்பந்தர் பாடிய தலத்தின் கல்லைத் தாண்டித்தான் இன்றைக்கும் சாமி கும்பிடப் போகிறோம். உள்ளே புள்ளிமான்கள் நம் ஊர் ஆடுகள் மாதிரிப் பயமில்லாமல் திரிகின்றன. ஷொப்பிங் பையைக் கண்டால் முகர்ந்து பார்க்க வரும், கவனம்.

1950இல் பக்கத்தில் கிணறு தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்ததையும், 1963இல் இப்போதைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்ததையும் அம்மா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் இறங்கி இடிந்த கோயிலின் தூண்களைக் கண்ட கதை மட்டும் அவருக்குத் தெரியாது. அதை நான் சொன்னேன். விஞ்ஞானக் கதை எழுதுகிறவருக்கு எங்கள் கோணேசரிடம் என்ன வேலை என்று கேட்டார்.

பூசை முடிந்து பாறை விளிம்புக்கு வந்தோம். ராவணன் வெட்டு அங்கேதான். நோயாளித் தாய் கும்பிடுவதற்காக மலையோடு கோயிலைப் பெயர்த்தெடுக்கப் பார்த்து வாளால் வெட்டினானாம். கீழே கடல் அந்தப் பிளவுக்குள் வந்து மோதுகிறது. பக்கத்து மரத்தில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள். நாங்கள் வெகுநேரம் இருந்தோம். வெயில் ஏறியதும் கச்சான் வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

பிறகு ஆட்டோவில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழும் ஆழமில்லாத சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. தாய் இறந்ததும் அந்தியேட்டிக் கிரியைக்கு நீர் வேண்டி ராவணன் ஏழிடத்தில் குத்தினான் என்பது இங்குள்ள கதை. மாற்றுடுப்பும் துவாயும் கொண்டுபோங்கள், நாங்கள் மறந்துவிட்டோம். அம்மா ஒன்றையும் விடாமல் ஏழிலும் ஒவ்வொரு வாளி அள்ளி ஊற்றினார்.

நனைந்த சேலையோடு ஆட்டோவில் ஏறியபிறகு கேட்டார்: "அந்த மனுசி கடைசியில கோணேசரைக் கண்டதோ, காணேல்லையோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.