பட்டுப்போகும் சேலம் குண்டு மாமரம்: கொட்டையா, ஒட்டா?

கேள்வி (அயோத்தியாபட்டணம் விவசாயி):
தாத்தா வைத்த சேலம் குண்டு மரம் பட்டுக்கொண்டே வருகிறது. அதைப் பார்க்க வந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தார், கொட்டையை விட்டுவிட்டுக் குச்சியை மட்டும் கேட்பது ஏன்?

பதில் (ஆய்வு மாணவி):
ஐயா, நம் நாட்டு மா ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே கருதான் உண்டு. அது மகரந்தச் சேர்க்கையால் உருவாவதால், கன்று தாய்மரத்தை அப்படியே ஒத்திருக்காது. குச்சியை வேறொரு மாங்கன்றில் ஒட்டுக்கட்டினால்தான் அதே மரம் மீண்டும் கிடைக்கும். குச்சியை வெட்டுவதற்கு ஏறக்குறைய பத்து நாள் முன்பே காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கிள்ளிவிட்டால், நுனிமொட்டு பருத்து ஒட்டு நன்றாகப் பிடிக்கும். மரத்தில் உயிர் இருக்கும்போதே குச்சி எடுத்துவிடுங்கள்.

பதில் (ஏற்காடு தோட்டக்காரர்):
எங்கள் மலையின் கமலா ஆரஞ்சில் ஒரே விதையில் பல கருக்கள் உண்டு. அவற்றுள் பல தாய்த்திசுவிலிருந்தே வளர்வதால், விதைக்கன்றும் பெரும்பாலும் தாயைப் போலவே காய்க்கும்.

பதில் (ஆய்வு மாணவி):
உண்மை, ஐயா. ஆனால் புதிய ரகம் தேடுவோருக்கு மாங்கன்றின் வேறுபாடே மூலதனம். நீலம், தசேரி என்ற இரு மா ரகங்களைக் கலந்து உருவாக்கிய மல்லிகா ரகம் அப்படிக் கிடைத்ததுதான்.