லோடு 40ல இருந்து 3 ஆச்சாம், அதுக்கு முழு பேமெண்ட்டாம்!

கர்னல்_கிறுக்கன்:
ஃப்ரீலான்ஸ் இழையில ஷெல்_சித்தர் எழுதினதைப் படிச்சீங்களா? அப்படியே போடுறேன்: "கிளையண்ட் சர்வர்ல லோடு ஆவரேஜ் 40. எஃப்பிஎம்ல மேக்ஸ் சில்ட்ரன் 200 இருந்ததை 30 ஆக்கினேன், ஒரே வரி. லோடு 3. சர்வர் 13 மடங்கு வேகம். ஃபிக்ஸட் காண்ட்ராக்ட், முழுசா வாங்கியாச்சு. மணிக்கணக்குல பில் போடுறவங்க இன்னும் டைம்ஷீட் நிரப்பிக்கிட்டு இருக்காங்க."

எஃப்பிஎம்னா வெப்சைட்டோட பிஎச்பி கோடை ஓட்டுறது, மேக்ஸ் சில்ட்ரன்னா அது ஒரே நேரத்துல எத்தனை வொர்க்கர் ப்ராசஸ் வைக்கலாம்ங்கிற வரம்பு. 40ஐ 3ஆல வகுத்தா 13, அதனால 13 மடங்கு வேகமா? இது எந்த ஊர் கணக்கு? லினக்ஸ்ல லோடுங்கிறது சிபியு அளவு மட்டும் இல்லய்யா, ஓடுறது, ஓட க்யூவுல நிக்கிறது, அதோட டிஸ்க்குக்காக காத்துக்கிட்டு டி ஸ்டேட்ல கிடக்குறது, எல்லாத்தையும் சேர்த்து எண்ணுறது, 1993ல இருந்தே அப்படித்தான். நீங்க ப்ராசஸையே 30க்கு வெட்டிட்டீங்க, அப்புறம் எண்ணுறதுக்கு ஆள் ஏது? மிச்ச ரிக்வெஸ்ட் எல்லாம் சாக்கெட்டோட லிசன் க்யூவுல, அதாவது வாசல் வரிசையில நிக்குது, அது லோடு கணக்குல வராது. கதவைச் சாத்திட்டு உள்ள கூட்டமே இல்லன்னு சொன்ன கதைதான்.

ஷெல்_சித்தர்:
வந்துட்டாருய்யா வாத்தியார். காண்ட்ராக்ட்ல என்ன எழுதியிருந்துச்சு? "லோடு 5க்கு கீழ வரணும்". 40 இருந்துச்சு, 3 ஆச்சு. கிளையண்ட் லோடு காட்டுற டாப் கமாண்ட் போட்டு அவர் கண்ணால பார்த்தார், இன்வாய்ஸ் பாஸ் ஆச்சு. உங்களுக்கு வேலை வரலன்னா அதுக்கு நான் என்ன பண்றது.

புதுசா_வந்தவன்:
அண்ணா ஒரு டவுட், வேகம்னு நீங்க ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? ஒரு பேஜ் வர்ற நேரமா, இல்ல ஒரு செகண்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட் முடியுதுங்கிறதா?

கர்னல்_கிறுக்கன்:
எத்தனை கோர்னு சொல்லவே இல்லையே? 64 கோர் மெஷின்ல 40 ஒரு விஷயமே இல்ல.

ஷெல்_சித்தர்:
4 கோர். இப்ப என்ன சொல்லப் போறீங்க? 4 கோர்ல 40.

கர்னல்_கிறுக்கன்:
4 கோரா இருந்தாலும் 40ல எத்தனை சிபியுக்கு நின்னுச்சு, எத்தனை டி ஸ்டேட்ல நின்னுச்சுன்னு பிரிச்சுப் பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. எஃப்பிஎம் ஸ்டேட்டஸ் பேஜ்ல லிசன் க்யூன்னு ஒரு வரி இருக்கு, வரம்பை எத்தனை தடவை தொட்டுச்சுன்னு சொல்ற மேக்ஸ் சில்ட்ரன் ரீச்ட்னு இன்னொரு வரி இருக்கு, அந்த ரெண்டையும் போடுங்க, நான் வாயை மூடிக்கிறேன். எஃப்பிஎம் லாக்ல "மேக்ஸ் சில்ட்ரனைத் தொட்டாச்சு, கூட்டிப் பாருங்க"ன்னு வார்னிங் வந்திருக்கும், பந்தயமே கட்டுறேன். இன்னொண்ணு, மெதுவான ரிக்வெஸ்டைக் குறிச்சு வைக்கிற எஃப்பிஎம் ஸ்லோ லாக்லயும் இது சிக்காது, வொர்க்கர் கையில எடுத்த பிறகுதான் அங்க நேரம் ஓடும். வெளிய நின்ன நேரம் தெரியணும்னா முன்னாடி நிக்கிற வெப் சர்வர் என்ஜின்எக்ஸோட லாக்ல அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம், அதாவது எஃப்பிஎம் பதில் தர ஆன நேரம் போட்டு பி95 எடுக்கணும், 100ல 95 ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள்ள முடியுதுன்னு. யூசர் 60 செகண்ட் நின்னு 504 டைம்அவுட் எரர் வாங்கிட்டுப் போயிட்டிருப்பான், இவரு டாப்ல 3ஐப் பார்த்துட்டு இன்வாய்ஸ் அனுப்பிட்டாரு.

ராத்திரி_டியூட்டி:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு கேக்கலாமா? ஒரு சைல்டு 60 எம்பி எடுத்தாலே 200 சைல்டுக்கு 12 ஜிபி. மெஷின்ல 8 ஜிபி தான்னா ராம் பத்தாம டிஸ்க்கை ராமா பயன்படுத்துற ஸ்வாப்ல விழுந்து மொத்தமும் டிஸ்க்கைப் பிடிச்சுத் தொங்கும், அந்த 40ல முக்கால்வாசி அதுவாவே இருந்திருக்கும். அந்த நிலைமையில 30 ஆக்கினது சரியான வைத்தியம், க்யூவே இல்லாமக்கூட போயிருக்கும், ஏன்னா ஒவ்வொரு ரிக்வெஸ்டும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும். விஎம்ஸ்டாட் கமாண்ட்ல எஸ்ஐ, எஸ்ஓ, அதாவது ஸ்வாப்ல இருந்து வர்றதும் ஸ்வாப்புக்குப் போறதும், என்ன காட்டுச்சு சித்தரே?

ஷெல்_சித்தர்:
இதைத்தான் நான் முதல்ல இருந்து சொல்றேன்.

கர்னல்_கிறுக்கன்:
எங்க சொன்னீங்க? ஸ்வாப்ங்கிற வார்த்தையே உங்க பதிவுல இல்ல! ராத்திரி எடுத்துக் குடுத்ததும் லபக்குனு பிடிச்சுக்கிட்டாரு. ராம் எவ்வளவுன்னே இன்னும் சொல்லல. எஸ்ஐ எஸ்ஓ போடுங்க.

ராத்திரி_டியூட்டி:
கிறுக்கரே, நீங்களும் கதவைச் சாத்திட்டாருன்னு அடிச்சு சொன்னீங்களே, ஸ்வாப்பா இருந்தா உங்க தியரியும் அடி வாங்குது.

கர்னல்_கிறுக்கன்:
இருந்தா, இருந்தா! இருந்துச்சான்னு அளந்து பார்க்காம வரியை மாத்தினவனுக்கு பேரு இன்ஜினியர் இல்ல. தற்செயலா சரியா வந்தாலும் தப்பு தப்புதான். 13 மடங்கு எப்படி வந்துச்சு, அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க.

பெர்ல்_பெரியவர்:
லோடு கிடக்கட்டும். சித்தர் அந்த வேலையில ஒரு அலர்ட் ஸ்கிரிப்ட் வேற போட்டதா இன்னொரு இடத்துல பீத்திக்கிட்டு இருந்தாரே, அது நான் பெர்ல்ல எழுதி இங்கயே போட்டது. அதை வரிக்கு வரி பாஷுக்கு மாத்தியிருக்கார், கமெண்ட்ல நான் விட்ட எழுத்துப்பிழை கூட அப்படியே இருக்கு. ஒரு நன்றி கிடையாது.

ஷெல்_சித்தர்:
பெரியவரே, லோடு நம்பர் இருக்கிற ப்ராக் லோட்ஆவ்ஜ் ஃபைலைப் படிச்சு மெயில் அனுப்புறதுக்கு காப்புரிமையா? நாலு வரி ஸ்கிரிப்ட்.

பெர்ல்_பெரியவர்:
நாலு வரின்னா நீங்களே எழுதியிருக்கலாமே. சரி, எழுதுற கோடெல்லாம் கிளையண்டுக்கே சொந்தம்னு உங்க காண்ட்ராக்ட்ல க்ளாஸ் இருக்கா இல்லையா? இருந்தா என் ஸ்கிரிப்டை அவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. அதையேதான் அதுக்கு முன்னாடி இன்னொரு கிளையண்டுக்கும் போட்டீங்க. ரெண்டு பேரும் ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்தா தெரியும் சங்கதி.

மணிக்கு_மணி_பில்:
டைம்ஷீட் போடுறவங்களை எதுக்குய்யா வம்புக்கு இழுக்குறீங்க? ஃபிக்ஸட்ல எடுத்தா எல்லாரும் பண்றது இதேதான், நம்பர் இறங்குற வரைக்கும் எதையாவது திருகுறது, அப்புறம் எஸ்கேப். மணிக்கணக்குல இருக்கிறவன்தான் உக்காந்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ஸ்லோ க்வெரியைப் பார்ப்பான்.

ஷெல்_சித்தர்:
ஆமா ஆமா, மீட்டர் ஓடுதுல்ல, பார்த்துக்கிட்டேதான் இருப்பீங்க.

மணிக்கு_மணி_பில்:
மைஎஸ்க்யூஎல் ஸ்லோ லாக்ல, எத்தனை செகண்டுக்கு மேல போனா ஸ்லோன்னு குறிக்கணும்ங்கிற லாங் க்வெரி டைம் டீஃபால்ட் 10 செகண்ட், அதை இறக்காம "ஸ்லோ க்வெரியே இல்லை"ன்னு ரிப்போர்ட் குடுத்தது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். பேரைச் சொல்லணுமா?

ஷெல்_சித்தர்:
சொல்லுங்க பார்ப்போம். அப்புறம் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ்ல ப்ராசஸை வலுக்கட்டாயமா சாகடிக்கிற கில் மைனஸ் 9 அடிச்ச கதையை நானும் சொல்றேன்.

கர்னல்_கிறுக்கன்:
ஏன் எல்லாரும் பேச்சை மாத்துறீங்க? க்வெரி ஸ்லோவா இருந்தா அந்த 30 சைல்டும் டேட்டாபேஸ் பதிலுக்குத்தான் காத்திருக்கும், நெட்வொர்க் சாக்கெட்ல காத்திருக்கிறது சாதா தூக்கம், அதுவும் லோடுல வராது! அப்ப லோடு 3ன்னு காட்டும், சைட் செத்துக் கிடக்கும். இதுக்குத்தான் சொல்றேன், லோடை வச்சு காண்ட்ராக்ட் எழுதுறதே அபத்தம், எழுதினவரும் இவரு, அளந்தவரும் இவரு, பாஸ் போட்டவருக்கு டாப்ல முதல் வரி மட்டும்தான் தெரியும். லிசன் க்யூ எவ்வளவு? எஸ்ஐ எஸ்ஓ எவ்வளவு? ராம் எவ்வளவு? மூணு நம்பர் கேட்டேன், ஒண்ணு வரல.

ஷெல்_சித்தர்:
சர்வர் ஆக்சஸ் ஒப்படைச்சாச்சு, வேலை முடிஞ்சாச்சு. 40 இருந்துச்சு, 3 ஆச்சு.

புதுசா_வந்தவன்:
அண்ணா, நான் கேட்டது...

கர்னல்_கிறுக்கன்:
தம்பி கொஞ்சம் இருப்பா. சித்தரே, 3 எப்ப எடுத்தது? ட்ராஃபிக் நேரத்துலயா, விடியக்காலையிலயா? டாப்ல இருக்கிற மூணு நம்பர்ல எது அது, 1 நிமிஷ சராசரியா 15 நிமிஷ சராசரியா?

ஷெல்_சித்தர்:
உங்களுக்கு ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் போட முடியாது, கிளையண்ட் ரகசியம்.

பெர்ல்_பெரியவர்:
என் ஸ்கிரிப்டை எடுக்கும்போது மட்டும் ரகசியம் இல்லயா? அந்த கமெண்ட்டையாவது திருத்துங்க, "எச்சரிக்கை"ல ஒரு ச் விட்டுப்போயிருக்கு.