உலக வங்கியின் கருத்தாய்வில் ‘ஸ்டேக்ஹோல்டர்’: தமிழில் ஒரு சொல் வேண்டும்

த. ம., மட்டக்களப்பு

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

திங்கட்கிழமை மூன்றாம் ஆண்டு மாணவருக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். உலக வங்கி, தான் கடன் கொடுக்கும் நாடுகளில் ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தன் வேலையைப் பற்றி அந்நாட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு அறிக்கை வெளியிடுகிறது. அமைச்சு அலுவலர், நாடாளுமன்ற உறுப்பினர், உள்ளூராட்சி சபையினர், மற்றக் கொடை நிறுவனங்கள், தனியார் துறை, தொண்டு நிறுவனங்கள், ஊடகம், பல்கலைக்கழகம் என்று வினாக்கொத்து போகும். பெரும்பாலான வினாக்களுக்கு 1 முதல் 10 வரை புள்ளி இட வேண்டும். அதே முறையில் எங்கள் பிள்ளைகள் தமிழில் ஒரு வினாக்கொத்துத் தயாரித்து, பிரதேச சபையிலும் ஊர்ச் சங்கங்களிலும் கேட்டுப் பார்க்கப் போகிறார்கள்.

தலைப்பிலேயே நின்றுவிட்டோம். இப்படி ஒரு வேலையோடு ஏதோ ஒரு வகையில் சம்பந்தப்பட்டவர்களை ஆங்கிலத்தில் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்பார்கள். அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஒரு மாணவி ‘பங்குதாரர் கருத்துக்கணிப்பு’ என்று எழுதி வந்தார். உலக வங்கிக்கு உண்மையிலேயே பங்குதாரர் உண்டு. அதன் உறுப்பு நாடுகள்தான் அவை. இலங்கை 1950 முதல் உறுப்பு நாடு. ஆக, அரசாங்கம் வங்கியின் பங்குதாரர். அதே அரசாங்கம் அதன் கடனாளி. வினாக்கொத்தை நிரப்பும் அலுவலரும் அதே அரசாங்கத்தின் ஆள். இப்போது அவருக்கும் ‘பங்குதாரர்’ என்றே பேர் வைத்தால் நான் எதை விளங்கப்படுத்துவது? ஞாயிறு இரவு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உதவுங்கள்.

சு., சென்னை

வணக்கம் மேடம். மொழிபெயர்ப்புதான் எனக்குத் தொழில் என்பதால் சொல்கிறேன். எனக்கு வரும் திட்ட ஆவணங்களில் பத்துக்கு எட்டில் ‘பங்குதாரர்’தான் இருக்கிறது. மாற்றிப் போட்டால் சரிபார்ப்பவர் திரும்ப அதையே போட்டு அனுப்புகிறார். பழகிய சொல்லை ஏன் கலைக்க வேண்டும்? படிக்கிறவருக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும்.

எனக்கு உறுத்துவது இரண்டாவது பாதிதான். ‘கருத்துக்கணிப்பு’ என்றால் இங்கே தேர்தல் ஞாபகம்தான் வரும். ‘கருத்துக்கேட்பு’ என்று போகவே கூடாது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, பெரிய திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. அங்கே சொல்வது பதிவாக வேண்டும், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வங்கி புள்ளி போடச் சொல்லி அனுப்பும் படிவத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டிவிடுவோம். ‘கருத்தாய்வு’ போதும்.

வே., மதுரை

சு. தம்பி, இடம் பார்த்துப் புரியும் என்கிறீர்கள். புரியவில்லை என்பதை நேரில் பார்த்தவன் நான். உலகவங்கிக் கடனில் கண்மாய்களைச் சீரமைத்த காலத்தில் ஒரு பாசனச் சங்கக் கூட்டம். சாவடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம். வந்திருந்த அலுவலர் நோட்டைப் பிரித்து, ‘பங்குதாரர்கள் எல்லாரும் வரிசையா வந்து கையெழுத்துப் போடுங்க’ என்றார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு அம்மா கேட்டார்: ‘பங்குத் தொகை எவ்வளவு சார் கட்டணும்?’ கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத் தொகை கட்டினால்தான் கடன் என்று பழகியவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? நோட்டில் முதலில் கையெழுத்து விழுந்தது பணம் வைத்திருந்தவர்களுடையது. அந்த அம்மா போடாமலே போய்விட்டார். சொல் ஆளை வெளியே தள்ளும் ஐயா. கண்ணால் பார்த்தேன்.

மு. இ., தஞ்சாவூர்

அன்பர்களே, பங்குதாரரில் வரும் ‘தாரர்’ பாரசீகம். சமீன்தார், தாசில்தார் வந்த வழியில் வந்தது. அதைச் சுமக்க வேண்டிய தேவையே நமக்கில்லை. பங்காளர் என்றால் ‘பங்காளி’ வாசலில் வந்து நிற்பான். பாகப் பிரிவினையும் கூடவே வரும்.

ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள், பந்தயம் கட்டுகிறவர்கள் பணத்தைக் கொடுத்து வைக்கும் நடுவன் என்பது. பந்தயப் பொருளுக்குத் தமிழில் ‘ஒட்டம்’ உண்டு. ஆயினும் சூதின் வழியே நாம் போக வேண்டாம். நான் முன்வைப்பது ‘உறுநர்’. உறு என்னும் வினையடி, நர் விகுதி. பெறுநர், அனுப்புநர், ஓட்டுநர், நடத்துநர் எல்லாம் பேருந்திலும் அஞ்சலிலும் நிலைத்துவிட்டன அல்லவா? பயனுறுவதும் உறுதல், துயருறுவதும் உறுதல். கடனால் நன்மை அடைந்தவரும் நிலம் இழந்தவரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுவர். ‘உறுநர் கருத்தாய்வு’. இதைவிடச் செறிவாக அமையாது.

க. ந., யாழ்ப்பாணம்

மதிப்புக்குரிய மு. இ. ஐயா, செறிவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘உறு’ என்றதும் ‘சால உறு தவ நனி’ என்று மிகுதிப் பொருள்தான் எனக்கு முதலில் வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், திருமுருகாற்றுப்படையின் ‘உறுநர்த் தாங்கிய மதனுடை நோன்றாள்’. அங்கே உறுநர் என்பார் தாளை அடைந்து புகலிடம் தேடியவர். கடன் கொடுக்கும் வங்கியின் தாளில் நாங்கள் புகலிடம் தேடியவர்களா? பாடல் அறிந்தவருக்கு அந்தப் பொருள் வந்தே தீரும். அறியாதவருக்கு ஒன்றுமே விளங்காது.

அரச சேவையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வங்கியே இந்தச் சொல்லை ஒரே பொருளில் ஆள்வதில்லை. 2018 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதன் சுற்றாடல், சமூகச் சட்டகத்தின் பத்தாம் நியமம் இவர்களை இரண்டாகப் பிரிக்கிறது: திட்டத்தால் பாதிக்கப்படுவோர் அல்லது பாதிக்கப்படக்கூடியோர், திட்டத்தில் அக்கறை உள்ள ஏனையோர். த. ம. சொன்ன நாடளாவிய வினாக்கொத்தோ, பதவி, தொழில் பார்த்துத் தெரிவுசெய்த ஆட்களுக்குத்தான் போகிறது. வீட்டுக்கு வீடு எழுமாறாக எடுத்த மாதிரி அல்ல. அப்படியிருக்க, எல்லோரையும் அணைக்கும் ஒரு சொல்லை அதற்குச் சூட்டினால் வங்கி கேட்காதவரையும் கேட்டதாக எழுதிவிடுவோம். என் தெரிவு ‘தரப்பினர்’. அது எவருக்கும் உரிமையும் கொடுக்காது, எவரையும் அழிக்கவும் மாட்டாது.

மு. இ., தஞ்சாவூர்

தரப்பு அரபிச் சொல். ‘தரஃப்’. ஒரு வேற்றுச் சொல்லை விரட்டி இன்னொன்றைக் குடிவைக்கிறோம். அதோடு தங்கள் பகுதியில் வழங்கும் ‘அபிவிருத்தி’யையும் இந்த இழையிலேயே களைந்துவிடலாம். மேம்பாடு இருக்கிறதே.

க. ந., யாழ்ப்பாணம்

அபிவிருத்தியை விட்டுவிடுங்கள் ஐயா. ஆசிய அபிவிருத்தி வங்கி என்று படித்தே எங்கள் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். வடசொல் என்பதால் ‘விருத்தி’ உங்களுக்கு ஆகாதென்றால் ‘வட்டி’யையும் விட வேண்டி வரும். விருத்தி பிராகிருதத்தில் திரிந்து வட்டி ஆயிற்று என்றே அகராதிகள் சொல்கின்றன. கன்னடத்தில் ‘பட்டி’, தெலுங்கில் ‘வட்டி’.

மு. இ., தஞ்சாவூர்

ஒப்பமாட்டேன். சங்கப் பாடல்களில் வட்டி என்பது ஓலைப்பெட்டி. வட்டமாக முடைந்தது வட்டி. பெட்டியால் நெல் அளந்து கொடுத்து, மேலும் ஒரு பெட்டி சேர்த்து வாங்கிய வழக்கிலிருந்து கடன்மேல் வாங்குவதற்கும் அப்பெயர் வந்தது என்பது என் துணிபு. வட்டு, வட்டில், வட்டம், வட்டணை எல்லாம் ஒரே வேர். விரிவாக எழுதுகிறேன்.

சு., சென்னை

ஐயா, வட்டிக்குத் தனி இழை தொடங்கிவிடுங்களேன், நான் கட்டாயம் படிப்பேன். இங்கே ஞாயிறு நெருங்குகிறது.

மதுரை ஐயா சொன்னதைப் படித்தபின் பங்குதாரருக்கு நான் வாதாடவில்லை. ‘ஆய்வு’ பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. குஜராத்தில் நர்மதை ஆற்றில் கட்டிய சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் வங்கி கடன் ஒப்பந்தம் போட்டது. நர்மதைக் கரையில் எதிர்ப்பு வலுத்து, வங்கியே அமைத்த மோர்ஸ் குழு 1992இல் கடுமையான அறிக்கை கொடுத்தது. 1993இல் மிச்சக் கடன் நின்றுபோனது. அதே ஆண்டில், பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிட வங்கி ஒரு குழுவை ஏற்படுத்தியது. அதையும் தமிழில் ‘ஆய்வுக் குழு’ என்றுதான் எழுதுகிறோம். முறையீட்டை விசாரிப்பதும் ஆய்வு, புள்ளி போடச் சொல்வதும் ஆய்வு என்றால் மாணவர் குழம்புவார்கள். முன்னதை ‘விசாரணைக் குழு’ என்று பிரித்துவிட்டால் ‘கருத்தாய்வு’ நிற்கும்.

வே., மதுரை

பிரிப்பது நல்லது. தரப்பினருக்கு என் கையும் உண்டு, ஒரு நிபந்தனையோடு. பயிற்சித்தாளில் ‘பாதிக்கப்பட்டோர்’ என்று தனிக் கட்டம் வேண்டும். தரப்பு என்று சொல்லிக்கொள்ள ஆளும் அமைப்பும் இருப்பவன்தான் தரப்பு. அந்தக் கடைமடை அம்மாவுக்கு எது தரப்பு? ‘தொடர்புடையோர்’ என்றாவது போடலாமே?

த. ம., மட்டக்களப்பு

எல்லோருக்கும் நன்றி. ‘தொடர்புடையோர்’ நல்ல சொல்தான். ஆனால் எங்கள் வினாக்கொத்தில் ‘வங்கியோடு உங்களுக்குள்ள தொடர்பு’ என்று ஒரு வினா வருகிறது, இரண்டும் மோதும். ஆகவே தலைப்பில் ‘தரப்பினர் கருத்தாய்வு’ என்று போட்டு, முதல் பக்கத்திலேயே மூன்று வரி எழுதுகிறேன்: பங்குதாரர் என்பது உறுப்பு நாடு, கடனாளி என்பது கடன் வாங்கிய அரசு, தரப்பினர் என்பது நாம் கேட்கத் தெரிவுசெய்தவர். வே. ஐயா கேட்ட ‘பாதிக்கப்பட்டோர்’ தனிக் கட்டமாக வரும். வங்கியின் அறிக்கையில் இருக்கும் வகைகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். மற்றப்படி புள்ளி வரிசையில் ‘தெரியாது’ என்று ஒரு கட்டமும் வைக்கிறேன்.

க. ந., யாழ்ப்பாணம்

ஏற்கிறேன். ‘தெரிவுசெய்த’ என்பதை அடைமொழியாகத் தலைப்பிலேயே சேர்த்தால் இன்னும் நேர்மையாக இருக்கும் என்பது என் நிலை. நீளம் என்று நீங்கள் விட்டால் வற்புறுத்தவில்லை.

மு. இ., தஞ்சாவூர்

பெரும்பான்மை எதுவென்று தெரிகிறது. என் மறுப்பைக் குழுமப் பதிவில் நிறுத்திவைக்கிறேன். ஓட்டுநரைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள், இன்று எல்லாப் பேருந்திலும் எழுதியிருக்கிறது. திருமுருகாற்றுப்படை வரிக்கு உரைகாரர் கொண்ட பொருள் ஒன்றே முடிந்த பொருள் அன்று. அது குறித்தும் வட்டி குறித்தும் நாளை தனித்தனியே எழுதுவேன். த. ம. அம்மையார் வகுப்பில் கரும்பலகையின் ஓரத்திலாவது ‘உறுநர்’ என்று எழுதிவைத்து, பிள்ளைகள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.